குடம் இடுப்பில் ஏறும் அந்த ஒரு நொடி

கேள்வி இது: “சென்னையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய கார்ட்டூன் படங்களைப் பற்றி ஆசிரியர்கள் உருகி உருகிப் பேசுகிறார்கள். கையால் ஆயிரக்கணக்கில் வரைந்தார்கள் என்பது உழைப்பு, சரி. அதில் கலை எங்கே இருக்கிறது? இன்று கணினியே அதையெல்லாம் செய்துவிடாதா?”

கேள்வியில் பாதி நியாயம். ‘அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் வரைந்தார்கள் தெரியுமா’ என்று சொல்லி வாயைப் பிளக்க வைப்பது எனக்கும் பிடிக்காது. எண்ணிக்கை வேண்டுமானால் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து விழும் 24 படம். 1937 டிசம்பரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ 83 நிமிடம் ஓடும். பெருக்கினால் 1,19,520 ஃபிரேம். பெரிய எண்தான். ஆனால் தீவுத்திடல் பொருட்காட்சியில் அரிசியில் பேர் எழுதித் தருபவருக்கும்தான் பொறுமை இருக்கிறது. பொறுமையை மட்டும் வைத்து எண்பது தொண்ணூறு வருஷம் ஒரு படத்தை ஜனங்கள் பார்க்க மாட்டார்கள்.

நான் பெரிய அனிமேட்டர் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஆறேழு வருஷம் வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இன்பிட்வீனராக, அதாவது நடுப்படம் வரைபவனாக, இருந்தவன். வெளிநாட்டு டிவி தொடர்களுக்குக் கூலிக்கு வரைந்து அனுப்பும் இடம். கதை எங்கோ எழுதியிருப்பார்கள், குரல் எங்கோ பதிவாகியிருக்கும், எங்கள் பேர் திரையில் வராது. அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் ஏணியின் கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தது.

முதலில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் அனிமேட்டர் வரைவார். அதுதான் கீ. கை கீழே இருப்பது ஒன்று, உச்சிக்குப் போனது ஒன்று. நடுவில் வரவேண்டியவற்றை இன்பிட்வீனர் போடுவார். அப்புறம் கிளீன்-அப் ஆள் அந்தக் கிறுக்கல்களை ஒரே சுத்தமான கோடாக இழுப்பார். தாளின் ஓரத்தில் துளைகள் இருக்கும். அவை லைட் பாக்ஸின் பெக் பாரில் (முளைகள் உள்ள பட்டையில்) போய் உட்கார்ந்தால்தான் ஒரு படத்தின் மேல் அடுத்த படம் இம்மி பிசகாமல் நிற்கும். அடியில் விளக்கு, மேலே நாலைந்து தாள். இடது கை விரலிடுக்குகளில் தாள்களைச் செருகிப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வலது கையால் வரைய வேண்டும். இந்த விரல் வித்தை படியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. மின்விசிறி போட முடியாது, தாள் பறக்கும். ஏசி நின்றுபோன மே மாத மதியங்களில் முழங்கைக்குக் கீழே கைக்குட்டையை விரித்துக்கொண்டு வரைந்திருக்கிறோம். வியர்வை பட்டால் தாள் நெளிந்து பெக்கில் சரியாக உட்காராது.

கீ படத்தின் ஓரத்தில் அனிமேட்டர் ஒரு சின்ன ஏணி போட்டிருப்பார். அதைச் சார்ட் என்போம். நடுப்படங்கள் எந்தெந்த இடைவெளியில் வரவேண்டும் என்பதற்கான குறி அது. படிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அசைவு தயங்கும், அகலமாக இருக்கும் இடத்தில் பாயும். நான் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு பையன் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வலப்பக்கம் திரும்பும் காட்சி வந்தது. இரண்டு கீ கையில் இருக்கிறது, நடுவில் மூன்று படம். சுலபம் என்று நினைத்து மூக்கை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோட்டில் நகர்த்தி, கண்ணைத் திறந்தபடியே விட்டு, மூன்றையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

பென்சில் டெஸ்ட்டில், அதாவது வரைந்த தாள்களை வரிசையாக ஓட விட்டுப் பார்க்கும் சோதனையில், பார்த்தால் பையனின் கழுத்துக்கு மேலே டேபிள் ஃபேன் சுற்றுகிறது.

எங்கள் சூப்பர்வைசர் சார் எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். திட்டவில்லை. மேசைக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, “உன் தலையைத் திருப்புடா” என்றார். திருப்பினேன். “மெதுவா.” திருப்பினேன். அப்போதுதான் தெரிந்தது. முதலில் கண் போகிறது, தலை பின்னால் வருகிறது. நடுவழியில் தாடை கொஞ்சம் இறங்கி ஏறுகிறது. அந்த இறக்கத்தில் இமை மூடித் திறக்கிறது. அதாவது சரியான நடுப்படத்தில் பையன் கண்ணை மூடிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது இரண்டு கீ படங்களிலுமே இல்லாத ஒரு முகம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அது கிடைக்காது. கனடாவில் இருந்த நார்மன் மெக்லாரன் என்ற மேதை, ஃபிரேமில் இருப்பதைவிட ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நடப்பதுதான் முக்கியம் என்று சொன்னதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது.

மூன்று படத்தையும் அன்று இரவே திரும்ப வரைந்தேன். எங்களுக்குப் படக் கணக்கில்தான் கூலி. திருத்தி வரைந்ததற்குக் காசு கிடையாது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது தனிக் கதை.

இன்னொரு பாடத்துக்கு 2003 கோடை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் லாரிக்காகச் சென்னையே தெருவில் நின்ற வருஷம் அது. ஒரு ஆள் கனமான மூட்டையைத் தூக்குகிற ஷாட். அதற்குள் நான் சின்னச் சின்ன ஷாட்டுகளை முழுதாக அனிமேட் செய்ய ஆரம்பித்திருந்தேன். நான் வரைந்த ஆள் தலையணையைத் தூக்குவது மாதிரி தூக்கினான். மூட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய தலையணை ஆயிற்று. முகத்தைச் சுளிக்க வைத்தேன். மலச்சிக்கல் வந்தவன் தலையணையைத் தூக்குகிறான். சார் பார்த்துவிட்டு, கீழே லாரி வந்திருக்கிறது, போய் ஒரு மணி நேரம் நின்று பார் என்று அனுப்பிவிட்டார்.

பார்த்தேன். காலிக் குடத்தை இரண்டு விரலைக் கழுத்தில் மாட்டி ஆட்டிக்கொண்டு வருகிறார் ஒரு அக்கா. குடம் அவர் நடைக்கு முன்னால் ஆடுகிறது. நிரம்பியதும் அதே குடத்தை எடுக்கும்போது முழங்கால் முதலில் மடிகிறது. ஒரு கை வாயைப் பிடிக்கிறது, மற்றது அடியில் போகிறது. தோள் இறுகிவிட்டது, முதுகு நிமிர ஆரம்பித்துவிட்டது, குடம் மட்டும் இன்னும் தரையில் இருக்கிறது. அப்புறம் சட்டென்று தொடை வரை வருகிறது. அங்கே ஒரு மூச்சு. அடுத்து இடுப்பு பக்கவாட்டில் வெளியே தள்ளி குடத்தை வாங்கிக்கொள்ள, எதிர்க்கை விசிறியடித்த மாதிரி விரிகிறது. தலை மறுபக்கம் சாய்கிறது. குடம் உட்கார்ந்த பிறகும் உள்ளே இருக்கும் தண்ணீர் நிற்கவில்லை. அது ஒரு பக்கம் அலம்ப, அவர் அரை அடி எடுத்து வைத்துச் சமாளிக்கிறார். கொஞ்சம் சிந்துகிறது.

மேலே வந்து வரைந்தபோது மூட்டையை நான் தொடவே இல்லை. ஆறு படம் வரை மூட்டை அசையாமல் இருக்க, ஆளின் உடம்பு மட்டும் மாறிக்கொண்டே வருகிற மாதிரி வரைந்தேன். ஏழாவது படத்தில் மூட்டை கிளம்பியது. கனம் வந்துவிட்டது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். ராய் சௌத்ரி செய்த அந்த நாலு பேரும் பாறையை இன்னும் நகர்த்தவில்லை. ஆனால் பின்காலிலிருந்து தோள் வரை ஓடுகிற அந்தச் சாய்வைப் பார்த்தால் அடுத்த நொடி நகரும் என்று நமக்குத் தெரிகிறது. அனிமேட்டர்கள் ஒரு ஆளை வரையத் தொடங்கும்போது முதலில் இழுப்பது அந்தச் சாய்கோட்டைத்தான். கண், மூக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது பெரியவர்களிடம் வருவோம். வின்சர் மெக்கே 1914-ல் ‘ஜெர்ட்டி’ என்ற டைனோசரை வரைந்தார். பின்னணியைத் தனியாக வைக்கும் கண்ணாடித் தாள் முறை அவர் கையில் இல்லை. அதனால் மலையும் ஏரியும் ஒவ்வொரு படத்திலும் திரும்பத் திரும்ப வரையப்பட்டன. அதற்காக அதைப் பார்க்கச் சொல்லவில்லை. ஜெர்ட்டி சும்மா படுத்திருக்கும்போது அதன் வயிற்றைப் பாருங்கள், மூச்சு ஏறி இறங்கும். திட்டினால் குழந்தை மாதிரி அழும். 110 வருஷத்துக்கு முன்பே ஒருவருக்கு, இந்தப் பிராணி நகர்ந்தால் மட்டும் போதாது, அதற்கு மனசு இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

அந்த மனசை வரைவதில் எனக்கு எல்லாரையும்விடப் பிடித்தவர் டிஸ்னி அனிமேட்டர் பில் டைட்லா. 1940-ன் ‘ஃபான்டேசியா’வில் மலை உச்சியில் இறக்கை விரிக்கும் அந்தப் பேருருவம் அவருடையது. மறுவருஷம் ‘டம்போ’வில் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டு அம்மாவின் கால்களுக்கிடையில் ஓடி ஒளியும் குட்டி யானையும் அவருடையதுதான். அந்த யானைக் குட்டிக்கு அவர் யானையைப் பார்க்கவில்லை, வீட்டில் இருந்த தன் சின்ன மகனைப் பார்த்தார். டம்போவுக்குப் படம் முழுக்க வசனமே கிடையாது. அந்தக் குட்டி தும்பிக்கையால் அம்மாவைத் தேடும் விதத்தைப் பார்த்தால், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற யாருக்கும் தெரியும், இதை வரைந்தவர் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்று.

நேர் எதிரான ஒன்று, ஃபிராங்க் தாமஸ் செய்தது. ஸ்னோ ஒயிட் இறந்துவிட்டதாக நினைத்துக் குள்ளர்கள் அழும் காட்சி. ஏறக்குறைய யாருமே அசைவதில்லை. ஒரு தலை குனிகிறது, ஒரு கண்ணீர்த் துளி உருள்கிறது, அவ்வளவுதான். அசைய வைப்பதுதான் வேலை என்று இருக்கும் தொழிலில், அசையாமல் விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கார்ட்டூன் பார்த்து ஜனங்கள் அழுவார்களா என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அழுதார்கள். இதே ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் சேர்ந்து 1981-ல் எழுதிய புத்தகத்திலிருந்துதான் உங்கள் பாடத்திட்டத்தில் வரும் அந்தப் பன்னிரண்டு விதிகள் வந்தன. விதிகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். அந்த அழுகைக் காட்சியில் விதிகளைத் தேடினால் ஒன்றிரண்டுதான் கிடைக்கும்.

சிரிப்புக்கு வந்தால், நேரம் மட்டுமே நகைச்சுவையாகிற இடம் சக் ஜோன்ஸின் ரோடு ரன்னர் படங்கள். ரோடு ரன்னர் பறவையைத் துரத்தும் கயோட்டி என்ற ஓநாய் மலையிலிருந்து விழுகிறது. சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி மறைய 18 ஃபிரேம். மறைந்த பிறகு கீழே புழுதி கிளம்ப 14 ஃபிரேம். ஜோன்ஸ் இந்த எண்ணை விடாப்பிடியாக வைத்திருந்தார். ஒரு ஃபிரேம் கூடினாலும் குறைந்தாலும் சிரிப்பு வராது என்பது அவர் கட்சி. ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 24-ல் ஒரு பங்கு. மிருதங்கக்காரர் ஒரு அடியை நூலிழை தள்ளிப் போட்டால் சபாவில் உட்கார்ந்திருக்கும் மாமா நெற்றியைச் சுருக்குகிறாரே, அந்தக் காதும் இந்தக் கண்ணும் ஒரே சாதி.

நம்ப முடியவில்லை என்றால் உங்கள் சொந்த அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்தபோது சில நாள் டாம் ‘சரியாக இல்லை’ என்று தோன்றியிருக்கும். பூனை அதேதான், எலி அதேதான், அடிதடி அதேதான், ஆனால் ஏதோ பேய் பிடித்த மாதிரி ஒரு அசைவு. 1940-ல் தொடங்கி ஹன்னாவும் பார்பராவும் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் 114 குறும்படம் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் வாங்கியவை அவைதான். டாமின் அந்தப் பிரசித்தமான அலறல்கூட ஹன்னாவின் சொந்தக் குரல். பிறகு 1961, 62-ல் வந்த 13 படங்கள் பிராக் நகரத்தில், மிகக் குறைந்த பணத்தில், ஜீன் டைச் என்பவர் இயக்கியவை. அடுத்து வந்தவை சக் ஜோன்ஸ் கை. ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தப் பேர் எதுவும் தெரியாது. ஆனால் டாம் கால் வைக்கும் விதத்திலேயே ‘இது அந்த டாம் இல்லை’ என்று கண்டுபிடித்துவிடுகிறது. உருவத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். நடையை எடுக்க முடியாது. நாம் பார்ப்பது ஒரு கலைஞரின் கையெழுத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கையால் வரைந்தது என்பதற்காகவே எல்லாம் உயர்ந்தது கிடையாது. அதே ஹன்னாவும் பார்பராவும் 1957-க்குப் பிறகு டிவிக்குப் போனார்கள். பணமும் இல்லை, நேரமும் இல்லை. யோகி கரடிக்கு ஏன் காலரும் டையும் என்று யோசித்திருக்கிறீர்களா? கழுத்தில் ஒரு கோடு இருந்தால் உடம்பை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இணைப்பு தெரியாது. நாங்கள் வரைந்த தொடர்களிலும் முக்கால்வாசி அதுதான். உடம்பு ஒரு படம், வாய்க்கு ஏழெட்டு படம். நாள் முழுக்க வாய் மட்டும் வரைந்துவிட்டு வீட்டுக்குப் போனால் பேசுகிறவர்களின் உதட்டைத்தான் பார்க்கத் தோன்றும். அதில் கலை ரொம்பக் குறைவு, சோறு இருந்தது.

இந்த இடத்தில் பேர் வராதவர்களைப் பற்றி. 1914-ல் ஏர்ல் ஹர்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த செல் முறைதான் இந்தத் தொழிலையே தொழிற்சாலை ஆக்கியது. ஒளி புகும் செல்லுலாய்டு தாளின் முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். டிஸ்னியில் இந்த வேலையைச் செய்தது பெண்கள். ஒரு தாளின் மேல் இன்னொரு தாள் அடுக்கினால் அடியில் இருப்பதன் நிறம் லேசாக மங்கும். அதனால் ஒரே சட்டைக்கு, அது எத்தனையாவது அடுக்கில் வருகிறது என்று பார்த்து வேறு வேறு அளவில் வண்ணம் கலக்க வேண்டும். திரையில் நமக்கு ஒரே நிறமாகத் தெரிவது அவர்கள் கண்ணின் வேலை. இத்தனை நுட்பம் தெரிந்தவர்களுக்கு அனிமேட்டர் மேசை அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட மூடியே இருந்தது. ‘பாம்பி’யில் வேட்டை நாய்கள் பாய்ந்து வரும் காட்சியைச் செய்த ரெட்டா ஸ்காட்தான் டிஸ்னியில் அனிமேட்டராகத் திரையில் பேர் வந்த முதல் பெண். வருஷம் 1942. அதே படத்தின் மூடுபனிக் காடு, சீனாவில் பிறந்த டைரஸ் வாங்கின் கற்பனை. ஒவ்வொரு இலையையும் வரையாமல், பழைய சீன ஓவியங்கள் மாதிரி காட்டின் மூச்சை மட்டும் வரைந்தார். 1941 மே மாதம் டிஸ்னியில் வேலைநிறுத்தம் வெடித்தது, அதன் பின்விளைவாக அவர் வேலையே போயிற்று. படம் வெளிவந்தபோது பின்னணி ஓவியர்களில் ஒருவர் என்ற அளவில்தான் பேர் போட்டார்கள். கூலித் தகராறு இந்தக் கலையுடன் கூடவே பிறந்தது. வடபழனியில் நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

நம் ஊருக்கு இது எப்படி வந்தது என்பதும் சுவாரசியமானது. கிளேர் வீக்ஸ் என்று ஒருவர். இந்தியாவில் பிறந்தவர், டிஸ்னியில் வேலை பார்த்தவர். 1956-ல் மத்திய அரசின் படத் தயாரிப்புப் பிரிவான பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்தான் ராம் மோகன். பிறகு ஜப்பானின் யூகோ சாகோவுடன் சேர்ந்து, கையால் வரைந்த அந்த ராமாயணப் படத்தில் இணை இயக்குநராக இருந்தார். அது 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. பார்த்திருந்தால் நல்லது. தமிழ் சினிமாவில், 1989-ல் ஏவிஎம்மின் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினியும் குழந்தைகளும் வரைந்த மிருகங்களோடு ஆடிப் பாடினார்கள். ஹாலிவுட்டில் ரோஜர் ராபிட் முயல் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்று பார்த்தால் சில இடங்களில் மிருகம் தரையில் ஒட்டாமல் மிதக்கும். ஆனால் தியேட்டரில் நான் அதைப் பார்த்த அன்றைக்குத்தான் வீட்டு நோட்டின் ஓரங்களில் புரட்டுப்படம் வரைய ஆரம்பித்தேன்.

கணினி செய்துவிடாதா என்று கேட்டீர்கள். நடுப்படத்தைக் கணினி போடும், அதில் சந்தேகமே இல்லை. இரண்டு நிலையைக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் நடுவை நிரப்பும். அது போடுவது என்னுடைய அந்த மூன்றாவது வாரத்து டேபிள் ஃபேன். தாடையை இறக்கு, இமையை மூடு, குடத்தை ஆறு படம் காக்க வை என்று ஒரு ஆள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நல்ல 3டி அனிமேட்டர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் கலை எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. பென்சிலுக்கு மட்டுமே உள்ள ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு படத்திலும் உருவத்தை முதலிலிருந்து முடிவு செய்வதால் அதை வைத்துக் கண்ணை ஏமாற்றலாம். சக் ஜோன்ஸ் 1942-ல் எடுத்த ‘டோவர் பாய்ஸ்’ படத்தில் ஆட்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது நிறுத்திப் பாருங்கள், ஆளே இருக்காது. வண்ணத்தை ரப்பர் மாதிரி இழுத்து விட்டிருப்பார்கள். ஓட விட்டால் கண்ணுக்கு அது வேகமாகத் தெரியும். அப்புறம், இன்று சென்னையின் விஎஃப்எக்ஸ் கம்பெனிகளில் ராத்திரி ஷிஃப்ட்டில் ரோட்டோ போடும் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்த வேலையின் பேரும் முறையும் மேக்ஸ் ஃபிளைஷர் 1915-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியிலிருந்து வந்தது. நடித்த ஆளின் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக வைத்து மேலே கோடு இழுப்பதுதான் அதுவும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? யூடியூபில் ஏதாவது ஒரு பழைய படத்தை லேப்டாப்பில் நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையை அழுத்துங்கள், ஒரு ஃபிரேம் முன்னால் போகும். கமா விசை பின்னால் கொண்டு வரும். மூன்று நொடி ஷாட் ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த ஃபிரேமில் கண் கிளம்புகிறது, எதில் கை கிளம்புகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே படம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்பதைப் பார்ப்பீர்கள், நொடிக்கு 12 படம். அடுத்து நீங்களே வரையுங்கள். ஓப்பன்டூன்ஸ் இலவசம். ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளை 2016-ல் பொதுவில் திறந்துவிட்டதுதான் அது. மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் ஒரு கண்ணாடிப் பலகை, அடியில் எல்இடி பட்டி, ஆபீஸில் ஃபைல் போடும் பஞ்சிங் மெஷின், ஏ4 தாள் போதும். ஆரம்பத்திலேயே சூப்பர் ஹீரோவைப் பறக்க விடாதீர்கள். பறப்பதற்கு எடை வேண்டாம், தப்பு செய்தாலும் தெரியாது. வீட்டில் யாராவது நிரம்பிய குடத்தையோ வாட்டர் கேனையோ தூக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஃபோனில் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து 12 படம் வரையுங்கள். குடத்தின் உருவத்தை வெறும் வட்டமாகவே போடலாம்.

வரைந்ததை ஓட விட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் யாரையாவது உட்கார வையுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல், குடத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேளுங்கள்.